சூச்சிச்சு இருக்கணும் மக்கா

கையெழுத்துப் போட்ட அன்று மாமி வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: என் அம்மா, தையல்காரி லில்லி அக்கா, வளைவு வீட்டு ராஜமணி அண்ணனும் அவர் மனைவியும், வார்டு மெம்பர், குவாரிக் கம்பெனியின் மேனேஜர், எல்லாருக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாமி. இல்லாதவர்கள்: மாமியின் கணவர், அவர் ரப்பர் பால் வெட்டப் போயிருந்தார், என் அப்பா, அவருக்கு நெய்யாற்றின்கரையில் கொத்து வேலை, நான், தனுவச்சபுரம் பஸ்ஸில் கல்லூரிக்குப் போயிருந்தேன், கடைசி வீட்டுத் தங்கையன் பாட்டா, அவர் வீட்டில்தான் இருந்தார், ஆனால் மாமி கட்டிய மதில் விஷயமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மறுநாள் காலையில் மேனேஜரே அவர் வாசலுக்குப் போய்க் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

குவாரி லாரிகள் போய்வர, கேரள எல்லையோரம் எங்கள் வீடுகளுக்கு நடுவே ஓடும் இடவழியை விட்டுத் தருகிறோம் என்பதுதான் அந்தக் காகிதம். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. மேனேஜர் மலையாளத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினாராம். முதலில் போட்டது மாமி. அவள் போட்டதால் மற்றவர்கள் போட்டார்கள். கள்ளன், அந்நியன், இருட்டு என்று எங்கள் இடவழியில் யாரையும்விட அதிகம் பயந்தவள் அவள். அவளே துணிந்து போடும்போது இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்தக் கையெழுத்துகளுக்குப் பிறகுதான் எங்கள் கிணறுகள் ஒவ்வொன்றாகப் போயின. மாமி வீடு போயிற்று. அந்த வீட்டுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவரும் போனார்.

மாமி எனக்கு இரத்த உறவு அல்ல. பக்கத்து வீடு. என் அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு மாமி. குள்ளமாக, தடித்து, நைட்டியின் தோளில் ஒரு துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு நடப்பாள். நைட்டியின் இடது பக்கம் ஒரு பெரிய ஊக்கு. அதில் சாவிக்கொத்து. சாவிக்கு எங்கள் ஊரில் தாக்கோல் என்று பெயர். மாமி வருவதை முதலில் சொல்வது அவள் தாக்கோல்தான். கேட்டுக்கு ஒன்று, முன்கதவுக்கு இரண்டு, அடுக்களைக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று, கோழிக்கூட்டுக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று. ஆமாம், கிணற்றுக்கு. கிணற்றின் வாய்க்கு இரும்புக் கம்பியில் மூடி செய்து, அதற்குப் பூட்டுப் போட்ட ஒரே வீடு எங்கள் பக்கத்தில் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் புறப்பட்டால் பாதி வழியில் நின்றுவிடுவாள். "நான் கேட்டு பூட்டினனா?" என்று மாமாவைக் கேட்பாள். அவர் "பூட்டினா" என்பார். "நீரு பாத்தீரா?" "நீ பூட்டினத நீ பாக்கல்லியா?" அவ்வளவுதான், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள். ஆராதனையில் முதல் பாட்டு முடிந்த பிறகுதான் மாமி உள்ளே வருவாள் என்பது போதகர் வரைக்கும் தெரிந்த விஷயம். ஜெபத்தில் கண்ணை மூடும்போதுகூட ஒரு கை ஊக்கின்மேல் இருக்கும்.

அவள் வாயில் எப்போதும் இருந்த சொல் 'சூச்சிச்சு.' மலையாளத்துச் 'சூக்ஷிக்குக' எங்கள் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. "மாலையச் சூச்சிச்சு வை" என்றால் பத்திரமாக வை என்று அர்த்தம். "பாம்பு கெடக்கும், சூச்சிச்சுப் போ" என்றால் பயந்து, விலகிப் போ என்று அர்த்தம். ஒன்றைக் காப்பதற்கும் ஒன்றுக்கு அஞ்சுவதற்கும் எங்களிடம் ஒரே சொல்தான். நான் புத்தகப்பையோடு பஸ்ஸுக்கு ஓடும்போதெல்லாம் மதிலுக்கு மேலாகக் குரல் வரும். "எலே மக்கா, சூச்சிச்சுப் போலே." எதைக் காக்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த மதிலைக் கட்டியது என் அப்பா. தன் கையெழுத்தைத் தவிர எதுவும் எழுதத் தெரியாத கொத்தனார். மாமி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகக் கல் ஏறுவதைப் பார்த்தபடி இருந்தாள். ஆள் உயரம் வந்ததும் அப்பா கரணையைக் கழுவப் போனார்.

"என்னண்ணா கழுவுதீரு? இன்னும் ரெண்டு வரி வைய்யும்."

"தங்கச்சி, உனக்க வீட்டுக்குள்ள ராஜாவுக்க பொக்கிஷமா இருக்கு?"

"நீரு கல்ல வைய்யும். உள்ள என்ன இருக்குன்னு பாக்குதது எனக்க காரியம்."

"வெயிலு வராது கேட்டியா. காத்தும் வராது."

"காத்து வர வழியிலதான் கள்ளனும் வருவான்."

இரண்டு வரி ஏறியது. மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தாள். அப்படியும் போதாமல், பனச்சமூட்டுக் கடைவீதியில் ஒருவரிடம் சொல்லித் தகரப் பலகை எழுதி வாங்கிக் கேட்டில் தொங்கவிட்டாள். மலையாளத்தில் இருந்தது: 'பட்டியுண்டு, சூக்ஷிக்குக.' பட்டி என்றால் நாய். மாமி வீட்டில் நாய் கிடையாது. நாய்க்குச் சோறு வைக்க வேண்டும், அது முற்றத்தை அசிங்கமாக்கும். பலகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒருமுறை கூரியர்க்காரன் கேட்டுக்கு வெளியே நின்று நடுங்கியதை நானே பார்த்தேன்.

"சேச்சீ, பட்டியைக் கெட்டியோ?"

"கெட்டியாச்சு, நீ வா."

"குரைக்கிற சப்தமே கேக்குந்நில்லல்லோ?"

"உறங்குது. எழுப்பணுமா?"

அவன் பொட்டலத்தைக் கேட் கம்பி வழியாக நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினான். மாமி பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் வயிறு குலுங்க, தாக்கோலும் சேர்ந்து குலுங்கும்.

இவ்வளவுக்கும் அவள் வீட்டில் ஒருநாளும் களவு போனதில்லை. எங்கள் இடவழியிலேயே களவு போனதாக எனக்குத் தெரிந்து கதை இல்லை. பின்னே ஏன் இந்தப் பயம் என்று ஒருநாள் அம்மா கேட்டாள். மாமி அப்போது சீனிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"குவைத்துல ஒரு வீட்டுல நின்னேன் இல்லியா. போன அன்னைக்கே அந்தக் கிழவி எனக்க பாஸ்போர்ட்ட வாங்கி அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டினா. ராத்திரி அடுக்களையையும் பூட்டுவா. நான் படுக்குத ரூம வெளியில இருந்து பூட்டுவா. மகளுக்குக் காய்ச்சல்னு போன் வந்தது. என்ன செய்ய? நான் அந்த அலமாரியப் பாத்துட்டு இருந்தேன். நம்ம சாதனம் மத்தவனுக்க பூட்டுக்குள்ள இருந்தா நம்ம செத்தோம். நம்ம பூட்டுக்குள்ள இருக்கணும். அவ்வளவாக்கும்."

அந்த வீட்டு வேலையில் சேர்த்த காசுதான் இந்த வீடு, மதில், கிணற்று மூடி, மகளின் நர்ஸ் படிப்பு எல்லாம். மகள் படித்து அயர்லாந்துக்குப் போய்விட்டாள். அவள் அங்கிருந்து வாங்கி அனுப்பிய கேமரா ஒன்று முன்வாசலில் இருந்தது. டப்ளின் பக்கத்தில் எங்கோ இருந்துகொண்டு அவள் போனில் எங்கள் இடவழியைப் பார்ப்பாள். "அம்மா, வாழைக்குலையை ஏன் வெளியே வச்சிருக்க?" என்று கூப்பிட்டுக் கேட்பாள். மாமிக்கு அதில் பெருமை. "எனக்க மகளுக்க கண்ணு கடல் கடந்து இஞ்ச வருது, பாத்தியா."

எங்கள் இடவழியின் ஒரு தலை பனச்சமூட்டு ரோட்டில் இருக்கிறது. மறு தலை ஓர் ஓடையில் முடியும். ஓடைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. மாமா பால் வெட்டும் ரப்பர் மரங்கள் அங்கே. அதற்குப் பின்னால் பாறைக்குன்று. ஓடையை ஒரு எட்டில் தாண்டிவிடலாம். எங்களில் யாரும் அதை எல்லை என்று நினைத்துத் தாண்டியதில்லை. கொரோனா வந்தபோதுதான் அது எல்லை என்று சொன்னார்கள். ஜீப்பில் வந்தவர்கள் ஓடைக்கரையில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி வழியை அடைத்தார்கள். அக்கரையில் தாய் வீடு உள்ள பெண்கள் அழுதார்கள். ராஜமணி அண்ணன் தன் மாட்டுக்குப் புல் அறுக்க முடியவில்லை என்று வாய்க்கு வந்தபடி திட்டினார். மாமி மட்டும் மேட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்ல காரியமாக்கும். இனி அந்தப் பக்கத்தில இருந்து ஒருத்தன் வரமாட்டான்."

"உனக்க மாப்பிள எங்ஙன பால் வெட்டப் போவாரு?" என்றாள் லில்லி அக்கா.

"அவரு ஏறிப் போவாரு."

அவர் ஏறித்தான் போனார். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் பால்வாளியோடு, அந்த மண்மேட்டில் ஒரு வயதான மனிதர் தவழ்ந்து ஏறி இறங்குவதை எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்போம். மாமா அதிகம் பேசாதவர். மாமி எதைச் சொன்னாலும் "ம்" என்பார். அந்த 'ம்' சம்மதமா, சலிப்பா என்று யாருக்கும் தெரியாது.

மழையில் மண்மேடு கரைந்தது. அதற்கு அடுத்துத்தான் கம்பெனி வந்தது.

குன்றை உடைத்து, அந்தக் கல்லைக் கடலோரத்தில் கட்டுகிற துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய ரோடு வழியாகப் போனால் சுற்று, அதோடு செக்போஸ்ட். ஓடையில் குழாய் போட்டு மூடி எங்கள் இடவழி வழியாக வந்தால் சுளுவாகப் பனச்சமூட்டு ரோட்டில் ஏறிவிடலாம். உலகத்துக் கப்பல் எல்லாம் வந்து நிற்கும், உங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்றாராம் மேனேஜர். யாரும் அசையவில்லை. அவர் கெட்டிக்காரர், மாமியின் மதிலையும் பலகையையும் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

"சேச்சீ, வழி மாத்ரம் தந்தா மதி. வழித்தலைக்கல் கேட்டு ஞங்ஙள் வச்சுத் தராம். லைட்டு, கேமரா, ராத்திரியும் பகலும் ஒரு செக்யூரிட்டி. ஒரு ஈச்ச போலும் உள்ளில் வரில்ல."

மாமி கேட்டாளாம்: "உறங்குத செக்யூரிட்டியா, முழிச்சிருக்குத செக்யூரிட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேனாவைக் கொடுத்தார்கள். சாயங்காலம் நான் வந்தபோது அம்மா இதைச் சொல்லிவிட்டு, "எல்லாம் நல்லதுக்குத்தான், லைட்டு வருது" என்றாள். அப்பா சாந்து காய்ந்த கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் இடவழித் தலையில் இரும்புக்காலில் ஒரு மஞ்சள் பலகை நட்டார்கள். மாமி மலையாளம் தடையில்லாமல் பேசுவாள், எழுத்து தெரியாது. ஐந்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்தவள். ஆனால் மலையாளத்தில் ஒரே ஒரு சொல்லின் உருவம் அவளுக்குத் தெரியும். தன் கேட்டுப் பலகையில் தினமும் பார்ப்பதால். அந்தச் சொல் மஞ்சள் பலகையில் எல்லாவற்றுக்கும் கீழே பெரிதாக, சிவப்பில் இருந்தது. மாமி வீடு வீடாகப் போனாள். "பாத்தியளா, நம்ம வழிக்கும் போர்டு வந்தாச்சு. கள்ளன்மாருக்கு எழுதிப் போட்டிருக்கான். சொன்ன வாக்கு வாக்காக்கும்." பஸ்ஸிலிருந்து இறங்கிய என்னைக் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனாள். "நீ படிச்சவனில்லியா, மேல உள்ளதையும் வாசி."

வாசித்தேன். பாறையில் வெடி வைக்கும் இடம் அருகில் உள்ளது. சைரன் ஒலித்தால் இந்த வழியில் நிற்கவோ நடக்கவோ கூடாது. கல் தெறிக்கும். சூக்ஷிக்குக.

"பைய வாசி" என்றாள். மறுபடியும் வாசித்தேன்.

"அப்போ ஆரு சூச்சிக்கணும்?"

"நம்மதான் மாமி."

"கள்ளனில்லியா?"

"இல்ல."

அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "எழுத்து நல்ல பெருசாக்கும்" என்றாள். திரும்பி நடக்கும்போது என் கையை விடாமல், "லில்லிகிட்ட இப்ப சொல்லாண்டாம். பேடிப்பா, பயந்தவளாக்கும்" என்றாள். சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. மறுநாள் சைரன் கேட்டது. பின்னாலேயே தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. லில்லி அக்கா துணியையும் கத்தரிக்கோலையும் போட்டுவிட்டு ரோட்டில் வந்து நின்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும், கம்பெனி சொன்னதையெல்லாம் செய்தது. கேட்டு வந்தது. லைட்டு வந்தது, கேமரா வந்தது. வடக்கே எங்கிருந்தோ வந்த ஒருவன் தொப்பி வைத்துக்கொண்டு செக்யூரிட்டியாக உட்கார்ந்தான். லாரிகள் வந்தால் எழுந்து கேட்டைத் திறந்துவிடுவான். எங்களைத்தான் நிறுத்தி, எந்த வீடு, எங்கே போகிறீர்கள் என்று கேட்பான். மாமாவிடம் ஒருநாள் அடையாள அட்டை கேட்டான். மாமா பால்வாளியைத் தூக்கிக் காட்டினார். முதலில் மாமி அதையும் விட்டுக்கொடுக்கவில்லை. "கேக்கட்டு. அவனுக்க ஜோலி அதில்லியா."

லாரிகள் விடியும் முன்னே தொடங்கும். மதில் அதிரும். கண்ணாடிச் சில்லுகளின்மேல் மாவு போல வெள்ளைப் பொடி படியும். வாழை இலை, துணி, கோழி, பைபிளின் மூடி, எல்லாவற்றிலும் ஒரே பொடி. மாமி ஜன்னல்களை அடைத்தாள். இடுக்குகளில் பழைய சேலையைக் கிழித்துத் திணித்தாள். அடைத்த வீட்டுக்குள் பொடி எப்படியோ வந்தது. வந்த பிறகு வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சுற்றியது. மாமா இருமத் தொடங்கினார்.

ஒருநாள் மகள் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்; மாமி போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"அம்மா, அங்க பனிமஞ்ஞு விழுதா? கேமராவுல ஒண்ணும் தெரியல்ல. முழுக்க வெள்ளையா இருக்கு."

"மஞ்ஞு இல்ல மக்களே. பொடி."

"துடையேன்."

"இப்பத்தான் துடச்சேன்."

அங்கே ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. "அப்பா எங்க?" என்றாள். மாமா இருமல் அடங்குவதற்காகப் பின்பக்கம் போயிருந்தார். மாமி, "உறங்குதாரு" என்றாள்.

பிறகு கிணறு. எங்கள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். முதலில் வெள்ளம் பால் நிறமாயிற்று. பிறகு இறங்கத் தொடங்கியது. அடியில் பாறை விட்டுப்போய் ஊற்றுகள் திசை மாறிவிட்டன என்று ராஜமணி அண்ணன் சொன்னார். எங்கள் கிணறும் லில்லி அக்காவின் கிணறும் முன்பே போய்விட்டன. ஒருநாள் காலை மாமி மதிலுக்கு மேலாக என்னைக் கூப்பிட்ட குரலில் வேறு ஏதோ இருந்தது. ஓடினேன். கிணற்று மூடி மூடியபடி இருந்தது. அவள் பூட்டைக் கையில் ஏந்தி எனக்குக் காட்டினாள், போலீஸுக்குக் காட்டுவது போல.

"பாரு மக்கா. உடைக்கல்ல. வளைக்கல்ல. பூட்டு பூட்டினபடியே கெடக்கு. தாக்கோலு எனக்க மடியில இருக்கு. பின்ன வெள்ளம் எங்ஙன போச்சு?"

கம்பிகளுக்கு இடையே எட்டிப் பார்த்தேன். அடியில் ஈரச் சேறும், அதில் கவிழ்ந்த ஒரு பிளாஸ்டிக் வாளியும்.

நான் அப்போது அரசியல் பாடத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் பள்ளியை முழுதாகத் தாண்டிய முதல் ஆள். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நிற்காது. அந்த வாரம் வகுப்பில் சொன்னதை மாமியிடம் சொன்னேன். முன்பெல்லாம் பாதுகாப்பு என்றால் எல்லை, பட்டாளம், துப்பாக்கி என்றுதான் எழுதினார்கள். இப்போது அப்படி இல்லை. உலகம் முழுக்க ஒரே சந்தையான பிறகு ஆபத்து எல்லையைத் தாண்டி வருவதில்லை, எல்லை என்ற ஒன்று இருப்பதையே அது கவனிப்பதில்லை. எங்கோ ஒரு கடலில் கப்பல் நிற்க வேண்டும் என்றால் இங்கே ஒரு குன்று போகிறது. அதனால் குடிக்கிற தண்ணீர், விடுகிற மூச்சு, செய்கிற வேலை, இவற்றைக் காப்பதும் ஒரு நாட்டின் பாதுகாப்புதான் என்று இப்போது சொல்கிறார்கள், மாமி. சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் வந்துவிட்டது.

மாமி முழுவதையும் கேட்டாள். கிண்டல் செய்யவில்லை.

"சொல்லுதது செரியாக்கும்" என்றாள். "அதுக்கு எங்க பூட்டு இடணும்?"

இன்றுவரை நான் படித்த எதிலும் அந்த இடம் இல்லை.

பூட்டுக்குப் பதிலாக மனு எழுதினேன். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மாமி சபைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். கேரளத்து அலுவலகத்தில் இருந்தவர் படித்துவிட்டு, "வீடு இவிடெ. பாற அவிடெ. அவரோடு பறயணம்" என்றார். மறுவாரம் ஓடைக்கு அந்தப் பக்கத்து அலுவலகம். அங்கிருந்தவர் தமிழ் மனுவைப் பொறுமையாகப் படித்தார்.

"பாறை எங்க பக்கம்தான், சரி. ஆனா புகார் குடுக்கிறது கேரளாக்காரங்க. உங்க ஐடி எல்லாம் அங்க இருக்கு. நான் எப்பிடிம்மா இத வாங்குறது?"

"பொடிக்கு ஐடி உண்டா சாரே?" என்றாள் மாமி.

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். மனுவை வாங்கவில்லை.

திரும்பி வரும்போது வார்டு மெம்பரைப் பார்த்தோம். "நீங்க எல்லாம் ஒப்பு இட்டுத் தந்ததில்லியா, இனி நான் என்ன செய்ய?" என்றார். அதற்குள் இடவழியிலும் பேச்சு மாறிவிட்டிருந்தது. தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது லில்லி அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள்: "நீ முதல்ல இட்டதுனாலயாக்கும் நாங்க இட்டது. இப்ப உனக்க செக்யூரிட்டி எங்க போனான்?" மாமிக்கு நாக்கு சும்மா இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். அன்று அவள் தன் குடத்தை எடுத்து வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அவள் முறை வந்தபோது வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

மாமாவைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனபோது நானும் போனேன். அவரால் படி ஏற முடியவில்லை. வாக்கியம் முடியும் முன் மூச்சு முடிந்தது. டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பாறயிலாணோ ஜோலி?"

மாமா தலையை ஆட்டினார். "இல்ல டாக்டரே. பால் வெட்டு."

"அதினு முன்பு? பாறயில் எத்ர காலம் நின்னு?"

"நான் பாறைக்குப் போனதில்ல. மிச்ச நேரம்… வீட்டிலதான்."

டாக்டர் நம்பவில்லை. நோயாளிகள் பொய் சொல்வதைப் பார்த்துப் பழகிய முகம் அது. எழுதுவதை நிறுத்திவிட்டு மாமியைப் பார்த்தாள். மாமி சொன்னாள்:

"அவரு பாறைக்குப் போகல்ல மக்களே. பாற வீட்டுக்கு வந்தது."

வீட்டில் காற்றோட்டம் உண்டா என்று டாக்டர் கேட்டபோது மாமியின் கை ஊக்கின்மேல் போயிற்று. வராந்தாவுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் அடைச்சதுனாலயா மக்கா?" என்றாள். இல்லை மாமி என்றேன். திறந்து வைத்திருந்தாலும் இதுதான் என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆக்ஸிஜன் தரும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வீட்டில் வைத்தார்கள். கரண்ட் போனால் மாமி விசிறியை எடுத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக வீசுவாள், அது உதவாது என்று தெரிந்தும். மழைக்காலம் தொடங்கியபோது மாமா இறந்தார். காலைச் சைரன் ஊதியபோது உயிர் இருந்தது, மாலைச் சைரனுக்கு இல்லை. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் பார்ப்பதற்காகப் போனை நான்தான் குழிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரிகளை அன்று ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். கம்பெனி மலர்வளையமும் அனுப்பியிருந்தது.

ஆஸ்பத்திரிக் கடன் இருந்ததால் வீட்டை விற்க வேண்டி வந்தது. வாங்க வந்த ஒரே ஆள் அதே மேனேஜர். வீட்டைச் சுற்றி வந்தார். சுவரில் கோணலாக ஓடிய விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"விரிச்சல் உண்டு சேச்சீ. வெள்ளமும் இல்ல. இத்ரயே வில வரூ."

என் அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். "அந்த விரிச்சல் ஆரு உண்டாக்கினது?" என்றார். மேனேஜர் வருத்தமாகத் தலையசைத்தார், யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவது போல.

மாமி இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு பிளாட்டில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு முதிய பெண்ணைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த வீட்டிலேயே தங்கல். அயர்லாந்துக்கு வா என்று மகள் சொல்கிறாளாம்; விசா தரமாட்டேன் என்கிறார்களாம். எங்கள் இடவழியில் இப்போது எங்கள் வீட்டிலும் தங்கையன் பாட்டா வீட்டிலும்தான் ஆள் இருக்கிறது. குன்று பாதிக்கும் கீழே போய்விட்டது. போன வாரம் மாமியைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் யாரோ முனகும் சத்தம் கேட்டது. சாப்பிட்டியா என்று கேட்டாள், அப்பாவின் மூட்டுவலி எப்படி என்று கேட்டாள். கடன் எல்லாம் தீர்ந்ததா மாமி என்றேன்.

"தீந்தாச்சு. வீட்டுக்கு ஆறு லெச்சம் தந்தான் இல்லியா. ஆஸ்பத்திரி, மெஷினு வாடக, ஆம்புலன்சு, பெட்டி, குழி, எல்லாத்துக்கும் அது போச்சு. அதுக்கும் மேல ஒரு ஏழாயிரம் வந்தது. அத இஞ்சத்த முதல் சம்பளத்துல குடுத்தேன்."

அந்தப் பக்கம் முனகல் பெரிதாயிற்று. "வாறேன் அம்மா" என்று அங்கே சொல்லிவிட்டு, என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவரு மூச்சு நிக்குததுக்கு ஆறு லெச்சத்து ஏழாயிரம் ரூவா ஆச்சு மக்கா."